சுரங்கத்து சயனைடும் ஆற்றுத் தண்ணீரும்: விதிகள் எதை, எங்கே அளக்கச் சொல்கின்றன?

தங்கச் சுரங்கத்துக்குக் கீழ்ப்பக்கம் குடியிருப்பவர்கள் கையில் ஒரு நாள் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை வந்து சேரும். அதில் 'சயனைடு வரம்புக்குள் உள்ளது' என்று ஒரு வரி இருக்கும். அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். எந்த சயனைடை, எந்த இடத்தில் அளந்தார்கள் என்று தெரியாவிட்டால் அந்த வரிக்குப் பொருளே இல்லை.

முதலில், சயனைடு அங்கே எதற்கு? ஒரு டன் தாதுவில் சில கிராம் தங்கம்தான் இருக்கும். நொறுக்கிய தாதுவை மிகவும் நீர்த்த சோடியம் சயனைடு கரைசலில் ஊறவைத்தால் தங்கம் அதில் கரைந்து வந்துவிடும். 1887இல் காப்புரிமை பெற்ற முறை இது. கரைசலில் சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையைக் கூட்டியே வைத்திருப்பார்கள்; அது குறைந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயு கிளம்பும். தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் சேறும் தண்ணீரும் கழிவுக் குளத்துக்குப் போகின்றன. கவலை அங்கேதான் தொடங்குகிறது.

அறிக்கைகளில் சயனைடு மூன்று பெயர்களில் வரும். எதோடும் சேராமல் தண்ணீரில் இருப்பது தனி சயனைடு. உயிரைப் பறிப்பது முக்கியமாக இதுதான். செம்பு, துத்தநாகம் போன்றவற்றோடு லேசாகப் பிணைந்து, கொஞ்சம் அமிலம் பட்டாலே பிரிந்துவிடுவதையும் இதோடு சேர்த்து அளந்தால், அது எளிதில் பிரியும் சயனைடு. இரும்போடு இறுகப் பிணைந்ததையும் கூட்டினால் மொத்த சயனைடு. இரும்போடு சேர்ந்தது ஆபத்தில்லை என்று சொல்லக் கேட்கலாம். ஆனால் வெயில் பட்டால் அதிலிருந்தும் தனி சயனைடு வெளிவரும். அதனால் மூன்று எண்களையும் கேட்டு வாங்குவதுதான் சரி.

அடுத்தது இடம். பன்னாட்டு சயனைடு மேலாண்மை நெறிமுறை என்று ஒன்று உண்டு. அதன்படி, பறவைகளும் கால்நடைகளும் வந்து குடிக்கக்கூடிய திறந்த குளத்தில் எளிதில் பிரியும் சயனைடு லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆற்றில் திறந்துவிடும் தண்ணீரில் 0.5 மில்லிகிராம்தான் இருக்கலாம். ஆற்றில் கலந்த பிறகு, கீழ்ப்பக்கத்தில் தனி சயனைடு 0.022 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு சுரங்கக் கழிவுச் சட்டம் இன்னும் முன்னாலேயே பிடிக்கிறது: ஆலையிலிருந்து குளத்துக்குள் விழும் இடத்திலேயே அளக்கச் சொல்கிறது. புதிய சுரங்கங்களுக்கு அங்கே வரம்பு 10 பிபிஎம், அதாவது லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம். குளம் உடைந்தாலும் சேதம் குறையும் என்பதால், எனக்கு இந்த வழிதான் நியாயமாகப் படுகிறது.

அந்த 0.022 ஏன் அவ்வளவு சிறியது? மீனுக்காக. அமெரிக்காவில் குடிநீருக்கான வரம்பு 0.2 மில்லிகிராம்; ஏறக்குறைய ஒன்பது மடங்கு அதிகம். குடிநீர் வரம்புக்குள் இருக்கும் தண்ணீரிலேயே மீன் செத்து மிதக்கலாம். மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இவ்வளவு எண்கள் இருந்தும், பெரிய விபத்துகளில் ஆளைக் கவிழ்த்தது பெரும்பாலும் தண்ணீர்க் கணக்குதான். 2000 ஜனவரி 30 அன்று ருமேனியாவின் பாயா மாரே நகருக்கு அருகே ஒரு கழிவுக் குளத்தின் கரை உடைந்தது. அந்த ஆலையின் தண்ணீர் மூடிய சுழற்சியில் ஓடும், வெளியே விடும் தேவையே வராது என்பது வடிவமைப்பாளர்களின் கணக்கு. கனமழையும் உருகிய பனியும் சேர்ந்து குளத்தை நிரப்பின. சுமார் 1 லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் கிளை ஆறுகள் வழியாக திஸா ஆற்றுக்கும், அங்கிருந்து டான்யூபுக்கும் போனது. ஹங்கேரியில் மட்டும் 1,000 டன்னுக்கு மேல் மீன்கள் செத்ததாக அந்நாட்டு அதிகாரிகள் கணக்கிட்டார்கள். மேலே சொன்ன பன்னாட்டு நெறிமுறை பிறந்ததே இந்த விபத்துக்குப் பிறகுதான்.

அதனால் நெறிமுறை சுரங்கத்திடம் தண்ணீர் வரவு செலவு கேட்கிறது. பெருமழை பெய்தால் எவ்வளவு சேரும், மின்சாரம் போய் பம்பு நின்றால் தாதுக் குவியலில் ஊறியிருக்கும் கரைசல் வடிந்து எங்கே நிற்கும், அதற்கெல்லாம் குளத்தில் இடம் காலியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே காட்ட வேண்டும். குளத்தடியில் கசிவு தடுப்பும், நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் ஏற்பாடும் வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வெளியாள் தணிக்கை நடக்கும். அதன் சுருக்கம் இணையத்தில் வெளியாகும், யாரும் படிக்கலாம். ஆனால் ஒன்று: இந்த நெறிமுறையில் சேர்வது நிறுவனத்தின் விருப்பம். சேராத சுரங்கத்தை நாட்டுச் சட்டமும் உரிமத்தின் நிபந்தனைகளும்தான் கட்டுப்படுத்தும். ஆகவே உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மாதிரி எடுக்கும்போது பக்கத்தில் யாராவது நிற்பது நல்லது. சயனைடு காற்றிலும் வெயிலிலும் குறைந்துகொண்டே போகும். எடுத்த உடனே சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, வெளிச்சம் படாத பாட்டிலில் குளிர்ச்சியாக வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வெயிலில் கிடந்த பாட்டில் காட்டும் எண் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

அப்புறம், பணம். வேலை தொடங்கும் முன்பே, மூடும் செலவுக்கான நிதி உத்தரவாதத்தைச் சுரங்கம் கொடுத்தாக வேண்டும் என்கிறது ஐரோப்பியச் சட்டம். அமெரிக்காவின் கொலராடோவில் சம்மிட்வில் தங்கச் சுரங்கத்தை நடத்திய நிறுவனம் 1992 டிசம்பரில் திவாலானது. சயனைடு நீர் நிறைந்த குவியலும், அதை வழியாமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் அரசின் தலையில் விழுந்தன. சுத்தம் செய்ய 15 கோடி டாலருக்கு மேல் ஆனது.