ஒரு தொண்டை, மூன்று குரல்

கிடாரோடு தனியாக மேடையேறிய பாடகர், பல்லவி வந்ததும் காலடியில் இருக்கும் பெடலை அழுத்துகிறார். உடனே இன்னும் இரண்டு பேர் கூடப் பாடுவது போலக் கேட்கிறது. முன்கூட்டிப் பதிவு செய்த குரல் இல்லை அது. அவர் அந்தக் கணத்தில் பாடுவதையே வாங்கி, சுருதி மாற்றித் தருகிறது ஹார்மனைசர்.

440 ஹெர்ட்ஸில் பாடினால், நான்கு அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தூரம் ஓர் அரைச்சுரம்) மேலே உள்ள துணைக்குரல் 554 ஹெர்ட்ஸில் வரவேண்டும். ஒலியை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறிவிடும். ஆனால் குரல் கார்ட்டூன் குரலாகிவிடும். நம் தொண்டையும் வாயும் சில அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுப்பதால்தான் ‘ஆ’ ‘ஆ’வாகக் கேட்கிறது, குரலும் இன்னாருடையது என்று தெரிகிறது. வேகமாக ஓட்டும்போது அவையும் சேர்ந்து மேலேறிவிடுகின்றன. அதனால் பல கருவிகள் குரல் அலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, துண்டின் வடிவத்தை மாற்றாமல், இன்னும் நெருக்கமாக அடுக்குகின்றன. சுருதி ஏறுகிறது, ‘ஆ’ மாறுவதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம், எந்தச் சுரத்தைப் பாடுவது? 1975-இல் வந்த ஈவென்டைட் எச்910 என்ற ஹார்மனைசர், சுருதியை நாம் சொன்ன அளவு மட்டுமே மாற்றும். அது போதாது. சி மேஜர் ஸ்கேலில் (‘சி’யில் தொடங்கும் சுரவரிசை) ‘சி’யையும் சேர்த்து எண்ணினால் வரும் மூன்றாம் சுரம் நான்கு அரைச்சுரம் தள்ளி இருக்கிறது, ‘டி’க்கு மேல் மூன்றே அரைச்சுரம். ஆகவே பாட்டின் ஸ்கேல் கருவிக்குத் தெரிந்தாக வேண்டும். நாமே அமைத்துக் கொடுக்கலாம். சில பெடல்களில் கிடார் கேபிளைச் செருகினால், வாசிக்கும் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) கேட்டுத் தானே முடிவு செய்யும். கீபோர்டில் சுரங்களை அழுத்தியும் சொல்லலாம். பிரிட்டிஷ் பாடகி இமோஜென் ஹீப் 2005-இல் வெளியிட்ட ‘ஹைட் அண்ட் சீக்’ அப்படி உருவானதுதான்.

சுருதியைக் கண்டுபிடிக்க அலையின் ஓரிரு சுற்றாவது கருவிக்குக் கேட்க வேண்டும். 110 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கே 9 மில்லி வினாடி ஆகும். அதனால் கனத்த ஆண் குரலில் துணைக்குரல் சற்றுத் தாமதிக்கலாம். மைக்கில் கிடாரும், பாடகரை நோக்கி வைத்த மானிட்டர் ஸ்பீக்கரின் ஒலியும் கலந்தால் கணக்கே குழம்பும். மைக்கை உதட்டருகே வைத்துப் பாடுவது நல்லது.

கமகத்தில்தான் இது உண்மையிலேயே திணறுகிறது. குரல் சுரங்களுக்கு நடுவே வழுக்கிச் செல்லும்போது, ஸ்கேலைப் பிடித்து நடக்கும் கருவி அருகிலுள்ள சுரத்துக்குத் தாவித் தாவிப் போகும். அசைவுகள் வரும் வரிகளில் பெடலை அணைத்துவிடுங்கள். நீட்டி நிறுத்தும் சுரங்களில் போட்டுக்கொள்ளலாம்.