அபராதம் போட்டதால்தான் ஆட்டம் திருந்தியதா?

கால்பந்து அணியை மேனேஜராக இருந்து நடத்தும் ஃபுட்பால் மேனேஜர் என்ற கணினி விளையாட்டை ஆடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஸ்ட்ரைக்கர் ஒரு ஆட்டத்தில் சொதப்பிப் பத்துக்கு 5.9 மார்க் வாங்குவார். கூப்பிட்டுக் கண்டிப்போம். அடுத்த ஆட்டத்தில் 7.1 வாங்குவார். “திட்டினால்தான் வேலை நடக்கிறது” என்று அங்கேயே முடிவு கட்டிவிடுவோம். அந்த முடிவு பெரும்பாலும் தப்பு. ஏன் என்று புரிய, கண்டிப்பும் அபராதமும் அந்த விளையாட்டுக்குள் எதைத் தொடுகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த காலியர் சகோதரர்கள் 1992இல் சாம்பியன்ஷிப் மேனேஜர் என்று தொடங்கியது, 2004 முதல் ஃபுட்பால் மேனேஜர் என்ற பெயரில் வருகிறது. இதில் ஒவ்வொரு வீரரும் எண்களின் தொகுப்பு. வேகம், பாஸ், ஷாட் எல்லாவற்றுக்கும் 1 முதல் 20 வரை மதிப்பு, அதெல்லாம் திரையில் தெரியும். ஆனால் ஒழுக்க விஷயத்தில் முக்கியமான எண்கள் தெரியாது. தொழில்மேல் எவ்வளவு அக்கறை, நெருக்கடியைத் தாங்குவாரா, சட்டென்று கோபம் வருமா, வம்பை வெளியே இழுப்பாரா ஆகியவை மறைந்தே இருக்கும். ‘உறுதியானவர்’, ‘முன்கோபி’ என்பது போல ஒற்றை வரிக் குணச்சித்திரம் மட்டும் கண்ணில் படும்.

பயிற்சிக்கு வராத வீரருக்கு ஒரு வாரச் சம்பளம் அபராதம் போடுகிறீர்கள் என்று வையுங்கள். தொழிலில் அக்கறை உள்ளவர் தவறை ஏற்றுக்கொண்டு போவார். முன்கோபி “இது அநியாயம்” என்று அறைக்கே வந்து நிற்பார். தொகையைவிட அது செய்த தப்புக்குப் பொருந்துகிறதா என்பதற்குத்தான் எடை அதிகம். முதல் மஞ்சள் அட்டைக்கே இரண்டு வாரச் சம்பளத்தைப் பிடித்தால் நல்ல குணம் உள்ளவரும் முகம் சுளிப்பார். இந்த இரண்டு வாரக் கணக்கு இங்கிலாந்து கிளப்புகளின் நிஜ வழக்கத்திலிருந்து வந்தது. அங்கே சாதாரணமாக அதற்கு மேல் பிடிப்பதில்லை.

அப்புறம்தான் அணி வருகிறது. 2017 நவம்பரில் வந்த பதிப்பு முதல் டிரஸ்ஸிங் ரூமின் படிநிலையைத் திரையிலேயே பார்க்கலாம். மேலே அணித் தலைவர்கள், அடுத்து செல்வாக்கு உள்ளவர்கள், கீழே மற்றவர்கள். யார் யாரோடு ஒட்டுகிறார் என்ற குழுக்களும் உண்டு. கீழே இருக்கும் இளைஞரைத் தண்டித்தால் பெரும்பாலும் விஷயம் அவரோடு முடிந்துவிடும். மேலே இருப்பவரைத் தண்டித்து அவர் மனம் கசந்தால், அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் வருவார்கள். அவர்கள் மனநிலை சரியும், அது ஆட்டத்தில் தெரியும், தோற்றால் இன்னும் சரியும். சுற்றிச் சுற்றித் தன்னையே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சுழல்தான் பாதி சீசனில் அணிகளைக் கவிழ்க்கிறது. சீசன் தொடங்கும்போதே எந்தத் தப்புக்கு என்ன தண்டனை என்று விதிகளை வைத்துவிட்டு, யாராக இருந்தாலும் அதன்படியே நடப்பதுதான் இதற்கு நல்ல மருந்து என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீலகிரியின் கூடலூர் பக்கம் இந்தக் கணக்கு நேரிலேயே தெரியும். நாடுகாணி தாண்டி இறங்கினால் கேரளத்தின் மலப்புரம், அதனால் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தின் மேல் இங்கே பித்து அதிகம். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் மைதானம் சேறு, பையன்கள் லேப்டாப்பிலும் போனிலும் மேனேஜர் ஆகிவிடுவார்கள். வெயில் காலத்தில் அதே பையன்கள் நிஜப் பயிற்சிக்கு வருவார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவன் அரை மணி நேரம் பிந்தி ஓடிவந்து, “இலை எடை போட லேட்டாயிருச்சுண்ணா” என்பான். கையில் தேயிலைக் கறை இருக்கும். அவனை நான்கு சுற்று ஓட வைத்தால் மற்றவர்கள் தரையைப் பார்ப்பார்கள். பைக்கில் ஊர் சுற்றிவிட்டு வந்தவனை ஓட வைத்தால் சிரிப்பார்கள். இருவருக்கும் ஒரே தாமதம், ஒரே தண்டனை, பார்க்கிறவர்களின் தீர்ப்பு மட்டும் வேறு. விளையாட்டை எழுதியவர்கள் எண்களாக்க முயல்வது இந்தத் தீர்ப்பைத்தான்.

சரி, 5.9 எப்படி 7.1 ஆனது?

ஒரு ஆட்டத்தின் மார்க்கில் திறமையும் இருக்கிறது, அன்றைய அதிர்ஷ்டமும் இருக்கிறது. கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து, வழுக்கிய கால், நல்ல ஃபார்மில் இருந்த எதிரணி கோல்கீப்பர் எல்லாம் அதில் சேரும். வழக்கமாக 6.8 வாங்குகிறவர் 5.9 வாங்கினால், அன்று அதிர்ஷ்டமும் காலை வாரியிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த ஆட்டத்திலும் அதே அளவு கெட்ட நேரம் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆகவே நீங்கள் வாயே திறக்காவிட்டாலும் மார்க் 6.8 பக்கம் ஏறவே வாய்ப்பு அதிகம். புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். 9.0 வாங்கியவரைப் பாராட்டிய பிறகு அவர் 7.0க்கு இறங்குவதும் இதே காரணத்தால்தான்.

2002இல் பொருளாதார நோபல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன் இதை இஸ்ரேல் விமானப்படையின் பயிற்சியாளர்களிடம் கண்டார். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை கெடுக்கிறான், மோசமாக ஓட்டியவனைத் திட்டினால் திருந்துகிறான் என்று அவர்கள் சாதித்தார்கள். ஏமாஸ் ட்வெர்ஸ்கியுடன் சேர்ந்து 1973இல் எழுதிய கட்டுரையில் இதை அவர் விளக்கினார். பயிற்சியாளர்கள் கண்டது உண்மை, காரணம் மட்டும் தவறு. இதில் எனக்கு வருத்தம் தருவது, திட்டுவதற்குப் பலன் கிடைத்ததாகவும் பாராட்டுவதற்குத் தண்டனை கிடைத்ததாகவும் உலகம் நமக்குத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டே இருக்கும் என்பதுதான். நல்ல கோச்சுகள்கூட இப்படித்தான் கடுமையானவர்களாக மாறுகிறார்கள்.

ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தில் நிற்கும் பயிற்சியாளரால் இதைச் சோதித்துப் பார்க்க முடியாது. ஒரே பையனை ஒரே நாளில் திட்டியும் திட்டாமலும் பார்க்க வழியில்லை. விளையாட்டில் வழி இருக்கிறது. கண்டிப்பதற்கு முன் சேவ் செய்யுங்கள். ஒரு முறை கண்டித்து அடுத்த ஆட்டத்தை ஆடுங்கள், மார்க்கைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு சேவ் செய்ததைத் திறந்து, இந்த முறை ஒன்றும் சொல்லாமல் அதே ஆட்டத்தை ஆடுங்கள். ஒரு தடவை போதாது, அதிர்ஷ்டம் ஒவ்வொரு தடவையும் மாறும். இரண்டு பக்கமும் இருபது இருபது தடவையாவது வேண்டும். கண்டித்த பக்கத்தின் சராசரியை 5.9உடன் ஒப்பிடக் கூடாது, கண்டிக்காத பக்கத்தின் சராசரியுடன் ஒப்பிட வேண்டும். கூடவே மற்ற வீரர்களின் மனநிலையையும் குறித்து வையுங்கள். முதலில் முன்கோபியான ஒரு இளைஞரை வைத்துச் செய்யுங்கள், பிறகு அதையே அணித் தலைவர் ஒருவரை வைத்துச் செய்து பாருங்கள்.