ஏழு ஆட்டத்தில் யார் சிறந்தவர் என்று தெரிந்துவிடுமா?

2016 ஜூன் 19. ஓக்லண்டின் ஆரக்கிள் அரங்கில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம். முதலில் நாலு ஆட்டம் வெல்லும் அணிக்குக் கோப்பை. முடிய இன்னும் 4 நிமிடம் 39 வினாடி. ஸ்கோர் 89-89. அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களையும் கூட்டினால் இரண்டு அணிகளும் தலா 610 புள்ளி எடுத்திருந்தன. ஆக, கிட்டத்தட்ட ஏழு ஆட்டம் மோதிய பிறகும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 699, கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ் 699.

அப்புறம் மூன்றே முக்கால் நிமிடம் யாராலும் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. வாரியர்ஸின் இகுவாடலா வளையத்துக்கு அருகில் எம்பிப் போட்ட பந்தை, பின்னாலிருந்து ஓடிவந்த லெப்ரான் ஜேம்ஸ் பலகையோடு சேர்த்து அறைந்தார். 53 வினாடி மிச்சம் இருக்கும்போது கைரி இர்விங், எதிரே நின்ற ஸ்டெஃப் கர்ரியின் தலைக்கு மேலாக ஒரு த்ரீ-பாயின்டர், அதாவது தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளிப் பந்து, போட்டார். விழுந்தது. கடைசியில் 93-89. கேவலியர்ஸ் சாம்பியன்.

தோற்ற வாரியர்ஸ் அந்த சீசனில் 82 ஆட்டங்களில் 73 வென்றிருந்தது. என்.பி.ஏ. வரலாற்றில் ஒரே சீசனில் அதற்கு மேல் யாரும் வென்றதில்லை. கேவலியர்ஸ் வென்றது 57. சீசனுக்குள் இருவரும் மோதிய இரண்டு ஆட்டங்களிலும் வாரியர்ஸுக்கே வெற்றி. அப்படியானால் கோப்பையைத் தூக்கிய அணிதான் சிறந்த அணியா? ரசிகர்கள் இதைக் கேட்டால் சண்டை வரும். புள்ளியியலைக் கேட்டால் ஓரளவு பதில் கிடைக்கும்.

ஒரு டப்பாவில் 6 வெள்ளைப் பொத்தான், 4 கறுப்புப் பொத்தான் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுங்கள், நிறத்தைக் குறித்துக்கொண்டு திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். வெள்ளை வந்தால் பலமான அணிக்கு ஓர் ஆட்டம், கறுப்பு வந்தால் மற்றதற்கு. முதலில் நாலு சேர்ப்பவருக்குத் தொடர். இங்கே வெள்ளை அணிதான் மேல் என்பதில் சந்தேகமே இல்லை. டப்பாவைத் திறந்தாலே தெரியும். அது 4-0 என்று நேராக முடிக்கும் வாய்ப்பு, 0.6-ஐ நாலு முறை பெருக்கினால் வருவது: 13 சதவீதம். 4-1 என்று முடிய சுமார் 21 சதவீதம், 4-2 என்று முடியவும் அதே அளவு, 4-3 என்று முடிய சுமார் 17. தசமங்களோடு கூட்டினால் 71 சதவீதம். அதாவது பத்துத் தொடரில் கிட்டத்தட்ட மூன்றில் பலவீனமான அணியே கோப்பையைத் தூக்கும். முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு நம்பிக்கை வராமல் மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

அணிகள் இன்னும் நெருக்கமாக இருந்தால் நிலைமை மோசம். ஓர் ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு 55 சதவீதம் என்றால், ஏழு ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு 61-தான். ஏழு ஆட்டம் ஆடியதால் கூடியது வெறும் 6. அந்த 55-ஐ வைத்துக்கொண்டு 95 சதவீத நம்பிக்கையோடு சிறந்த அணிக்குக் கோப்பை போக வேண்டும் என்றால் 269 ஆட்டத் தொடர் வைக்க வேண்டும்.

சரி, நன்றாக ஆடும் அணி ஏன் நாற்பது சதவீத ஆட்டங்களில் தோற்க வேண்டும்? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 40 த்ரீ-பாயின்டர் போடுகிறது, அதில் 36 சதவீதம் விழும் என்று வைப்போம். சராசரியாக 14 விழும். ஆனால் எல்லா இரவும் 14 விழாது. ஒரு நாள் 17, ஒரு நாள் 11. இந்தச் சிதறலைப் புள்ளியியலில் திட்ட விலக்கம் என்பார்கள். இங்கே அது 3 எறிவு, அதாவது 9 புள்ளி. வீரர்களின் திறமையோ உழைப்போ மாறாமலே ஸ்கோர் இந்தப் பக்கம் 9, அந்தப் பக்கம் 9 என்று ஆடும். எதிரணிக்கும் இதே ஆட்டம் உண்டு. இரண்டையும் சேர்த்தால் வித்தியாசத்தில் வரும் சிதறல் சுமார் 13 புள்ளி. இன்னொரு அணியைவிட சராசரியாக 3 புள்ளி மேலே இருப்பதே ஒரு நல்ல அணிக்குப் பெருமை. 3 புள்ளித் திறமையை 13 புள்ளிச் சத்தத்துக்கு நடுவே கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

2018 மே 28 அன்று ஹூஸ்டனில் இது கண்ணெதிரே நடந்தது. மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். சீசனில் 65 வென்ற ராக்கெட்ஸ், பாதி ஆட்டம் முடிந்தபோது வாரியர்ஸைவிட 11 புள்ளி முன்னால் இருந்தது. அந்த அணியின் திட்டமே த்ரீ-பாயின்டர்தான். அன்றைக்கு அடுத்தடுத்து 27 எறிவு விழவில்லை. மொத்தம் 44 போட்டு 7 விழுந்தது. அவர்களுடைய வழக்கப்படி 16 விழுந்திருக்க வேண்டும். 9 எறிவு குறைவு என்றால் 27 புள்ளி. தோற்றது 9 புள்ளியில். களைப்பும் வாரியர்ஸின் தடுப்பாட்டமும் இதில் சேர்ந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு மாலையைப் பார்த்து ராக்கெட்ஸுக்குப் பந்து போடத் தெரியாது என்று முடிவுகட்ட முடியுமா?

இந்தக் கேள்வி கூடைப்பந்துக்கு முன்பே பேஸ்பாலில் எழுந்தது. பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 1946-ல், சீசனில் 104 வென்ற பாஸ்டன் ரெட் சாக்ஸ், 98 வென்ற செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் 4-3 என்று தோற்றது. ஹார்வர்டில் இருந்த புள்ளியியலாளர் ஃபிரெடரிக் மாஸ்டெல்லருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. 1952-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில், உலகத் தொடரைச் சிறந்த அணி வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 80 சதவீதம் என்று மதிப்பிட்டார். விளையாட்டை இப்படிப் புள்ளியியலால் அளந்த ஆரம்பகால முயற்சிகளில் அது முக்கியமானது.

உண்மையில் கூடைப்பந்து இந்த விஷயத்தில் நேர்மையான விளையாட்டு. ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் சுமார் 100 முறை பந்து கைக்கு வருகிறது. நூறு முறை முயற்சி செய்தால் அதிர்ஷ்டம் ஓரளவு சமனாகிவிடும். ஐஸ் ஹாக்கியில் இரண்டு மூன்று கோல்தான், பந்துக்குப் பதிலாக அவர்கள் அடிக்கும் ரப்பர் வட்டு ஒருமுறை மட்டையில் பட்டுத் திரும்பினால் ஆட்டமே மாறிவிடும். 2018-ல் வெளியான ஓர் ஆய்வு நாலு அமெரிக்க லீக்குகளை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தது. என்.பி.ஏ.வின் ஏழு ஆட்டத் தொடர் சிறந்த அணியைக் கண்டுபிடிக்கும் அதே துல்லியம் பேஸ்பாலுக்கு வேண்டுமானால் 75 ஆட்டத் தொடர் வேண்டுமாம். ஹாக்கிக்கு 51.

ஆனால் கோப்பைக்கு ஒரு தொடர் போதாது, நாலு சுற்று வெல்ல வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் 80 சதவீத வாய்ப்புள்ள அணி நாலையும் வெல்லும் வாய்ப்பு 41 சதவீதம். லீக்கிலேயே பலமான அணிகூட சாம்பியன் ஆவதைவிட ஆகாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம்.

பொத்தான் கணக்கில் ஒரு குறை இருக்கிறது. டப்பாவுக்குள் எப்போதும் அதே பத்துப் பொத்தான். அணிகள் அப்படி இல்லை. 2016 தொடரில் வாரியர்ஸ் 3-1 என்று முன்னிலையில் இருந்தபோது டிரேமண்ட் கிரீனுக்கு ஐந்தாவது ஆட்டத்தில் ஆடத் தடை. அதே ஆட்டத்தில் ஆண்ட்ரூ போகட் முழங்காலில் அடிபட்டு விழுந்தார். அதற்கு முந்தைய ஆண்டு கேவலியர்ஸ் இதே வாரியர்ஸிடம் தோற்றபோது கெவின் லவ் தொடரிலேயே இல்லை, இர்விங் முதல் ஆட்டத்தோடு வெளியேறினார். சொந்த ஊர் அரங்கு கொஞ்சம் கூட்டும், வெளியூர் கொஞ்சம் குறைக்கும். ஜூனில் சிறந்த அணியும் ஜனவரியில் சிறந்த அணியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

என் கருத்தைக் கேட்டால், அந்த ஆண்டின் சிறந்த அணி வாரியர்ஸ். அந்த ஆண்டின் சாம்பியன் கேவலியர்ஸ். 82 ஆட்டங்கள் சொன்னதை ஏழு ஆட்டங்கள் அழித்துவிடாது. அதே நேரம், ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் அந்தப் பந்தைப் போட்ட இர்விங்கின் உரிமையையும் யாரும் பறிக்க முடியாது. எறிந்தது அவர், விழவைத்தது அவர்.

மூன்று ஆண்டு கழித்து, 2019 மே 12 அன்று டொராண்டோவில் இன்னோர் ஏழாவது ஆட்டம். ராப்டர்ஸ் 90, ஃபிலடெல்ஃபியா 90. காவாய் லெனர்ட் வலது மூலைக்கு ஓடி, நீட்டிய எம்பீடின் கைக்கு மேலாகப் பந்தை உயரமாக விட்டார். பந்து காற்றில் இருக்கும்போதே மணி ஒலித்துவிட்டது. வளையத்தில் ஒருமுறை பட்டு எழும்பியது. மறுபடி பட்டது. அந்தப் பக்க விளிம்புக்குப் போய் இன்னொரு முறை, இன்னும் ஒரு முறை. ஆட்டக்காரர்கள் எல்லோரும் அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே விழுந்திருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். நாலாவது முறை பட்டபின் உள்ளே இறங்கியது. ஒரு மாதம் கழித்து ராப்டர்ஸ் சாம்பியன்.