வாடிய மிளகாய்ச் செடிக்கெல்லாம் தாகம் இல்லை

இந்த வாரம் மேலும் ஒரு மிளகாய்ச் செடி என் ஆலோசனை மேசைக்கு வந்து சேர்ந்தது. இலைகள் துவண்டு தொங்கின. அடியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்திருந்தன. தொட்டியோ தூக்க முடியாத கனமாக இருந்தது. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் செடி வாடுவதாகவும், அதனால் நண்பகலிலும் ஒரு முறை ஊற்றத் தொடங்கியிருப்பதாகவும் கொண்டுவந்தவர் கவலையோடு சொன்னார். செடியைத் தொட்டியிலிருந்து கழற்றிப் பார்த்தபோது, வெண்ணிறமாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பாகிக் குழைந்திருந்தன. விரலால் பிடித்து இழுத்ததும் வேரின் மேல்தோல் தனியே கழன்று வர, உள்ளே மெல்லிய இழை மட்டும் மிஞ்சியது. அந்தச் செடிக்குச் செய்ய இனி எதுவும் இல்லை. தாவர நோய்களைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நான் இதே காட்சியை மீண்டும் மீண்டும் பார்த்துவருகிறேன். தொட்டியில் முதன்முதலாக மிளகாயோ குடைமிளகாயோ வளர்க்க முனைவோரின் செடிகள் கவனிப்பின்மையால் சாவது அரிது. பெரும்பாலும் அளவுக்கு மீறிய கவனிப்பால், அதிலும் குறிப்பாக அளவுக்கு மீறிய தண்ணீரால் சாகின்றன.

இலை வாடினால் செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்ற நம்பிக்கைதான் இத்தனைக்கும் வேர். வாடுதல் என்பது இலைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்பதை மட்டுமே காட்டும் அறிகுறி. மண்ணில் தண்ணீர் இல்லை என்பதற்கு அது சான்று ஆகாது. வேர் உயிருள்ள உறுப்பு; அது சுவாசிக்க வேண்டும்; அதற்கான காற்று மண்கலவையின் துளைகளில்தான் இருக்கிறது. அந்தத் துளைகள் எந்நேரமும் நீரால் நிறைந்திருந்தால் வேர் மூச்சுத் திணறி, நீரை உறிஞ்சும் திறனை இழக்கிறது. ஆகவே நீரில் நின்றபடியே செடி வாடுகிறது. வாடுவதைக் கண்டு மேலும் ஊற்றுகிறோம்; எஞ்சியிருந்த காற்றும் வெளியேறுகிறது; செடி மேலும் வாடுகிறது. இந்தச் சுழலின் முடிவில் வேரழுகல் கிருமிகள் நுழைகின்றன. அவற்றுள் கொடியதான பைட்டோப்தோரா கேப்சிசி 1922-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநில மிளகாய்ச் செடிகளிலிருந்துதான் முதன்முதலில் விவரிக்கப்பட்டது; அதன் வித்துகள் நீரில் நீந்திச் சென்று வேரைத் தாக்குபவை என்பதால், தேங்கிய நீர்தான் அதற்குப் பாதை. அது உண்மையான பூஞ்சை அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கார்பன்டாசிம் போன்ற பொதுவான பூஞ்சைக்கொல்லிகளைக் கரைத்து ஊற்றிவிட்டுப் பலன் கிடைக்கவில்லை என்று வருவோர் பலர். அந்த மருந்துக்கு இந்தக் கிருமி அடங்காது.

நண்பகல் வாட்டத்தைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலோர் ஏமாறுவது அங்கேதான். கடும் வெயில் நேரத்தில் அகன்ற இலைகளுடைய குடைமிளகாய்ச் செடி, வேர் அனுப்புவதைவிட வேகமாக இலைவழியே நீரை இழக்கும். மண் போதிய ஈரத்தோடு இருந்தாலும் இலைகள் தளரும். வெயில் தணிந்ததும் அவை தாமாகவே நிமிர்ந்துவிடும். இது நோயும் அல்ல, தாகமும் அல்ல. செடியின் உண்மை நிலையை அறிய வேண்டுமானால் அதிகாலையில் பாருங்கள். காலையில் வாடியிருந்து, மண்ணும் காய்ந்திருந்தால் தண்ணீர் தேவை. காலையில் வாடியிருந்து, மண் ஈரமாக இருந்தால் வேரில் கோளாறு. இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் என்னிடம் வரும் செடிகளில் பெரும்பகுதி வர வேண்டியே இருக்காது.

தண்ணீர் ஊற்றுவதற்குக் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். மேற்பரப்பு காய்ந்திருப்பது எதையும் சொல்லாது. விரலை மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் தட்டுப்பட்டால் அன்று ஊற்ற வேண்டாம். நன்றாக நனைந்த தொட்டியையும் காய்ந்த தொட்டியையும் ஓரிரு முறை தூக்கிப் பார்த்துக் கனத்தைப் பழகிக்கொண்டால் பிறகு விரல்கூடத் தேவைப்படாது. ஊற்றும்போது அடித்துளைகள் வழியாக நீர் வெளியேறும்வரை முழுமையாக ஊற்றுங்கள். ஊற்றிய பின் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு குவளை என்று அளந்து ஊற்றுவது, மேல்மண்ணைச் சேறாக்கிக்கொண்டே அடிவேரைக் காயவிடும் முறை. கோடையில் சிறிய தொட்டிக்குத் தினமும் தண்ணீர் தேவைப்படலாம். குளிர்ந்த, மேகமூட்டமான நாள்களில் அதே தொட்டிக்குப் பல நாள்கள் தேவைப்படாமலும் போகலாம்.

வடிகாலுக்காகத் தொட்டியின் அடியில் கூழாங்கல்லோ ஓட்டுத் துண்டுகளோ பரப்புவது நல்லது என்று இன்னமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். நுண்துளைகள் கொண்ட மண்கலவை தான் பிடித்துவைத்த நீரை, பெரிய இடைவெளிகள் கொண்ட கல் அடுக்குக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. கலவையின் அடிப்பகுதியில் எப்போதும் ஓர் ஈர அடுக்கு நிற்கும். கற்களைப் பரப்பும்போது அந்த ஈர அடுக்கு மறைவதில்லை, கற்களுக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் நெருங்கி வந்துவிடுகிறது. ஆழம் குறைந்ததுதான் கண்ட பலன். துளைகள் போதிய அளவில் இருக்க வேண்டும், அவை அடைபடாமல் இருக்க வேண்டும், தொட்டி தரையோடு ஒட்டாமல் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். வடிகாலுக்கு இவ்வளவுதான் தேவை. துளையே இல்லாத அழகுத் தொட்டியில் நட்டுவிட்டு ஆலோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் மருந்து துளையிடும் கருவிதான்.

சிறு ரக மிளகாய்க்குப் பத்து முதல் பதினைந்து லிட்டர் கொள்ளளவும், குடைமிளகாய்க்குப் பதினைந்து முதல் இருபது லிட்டர் கொள்ளளவும் உள்ள தொட்டி போதும். ஆழம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் இருக்கட்டும். ஆனால் நான்கு இலை நாற்றை நேரடியாகப் பெரிய தொட்டியில் நடாதீர்கள். அத்தனை மண்ணின் ஈரத்தை உறிஞ்ச அதற்கு வேர் இல்லை. சிறிய கிண்ணத்தில் வளர்த்து, வேர் நிறைந்த பின் மாற்றுங்கள். தோட்டத்து மண்ணை மட்டும் அள்ளித் தொட்டியில் நிரப்புவதும் வேண்டாம். நிலத்தில் பொலபொலப்பாக இருந்த மண் தொட்டிக்குள் சில வாரங்களிலேயே இறுகிவிடும். பாதி அளவு தென்னைநார்க் கழிவு, கால் பங்குக்குச் சற்று மிகுதியாக நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், மீதி பெர்லைட் (மண்ணை இறுகாமல் வைக்கும் எடை குறைந்த வெண்ணிறத் துகள்கள்) என்ற கலவை தொடக்கநிலையில் இருப்பவருக்குப் பாதுகாப்பானது. தென்னைநார்க் கழிவில் உப்பு மிகுந்திருக்கக்கூடும் என்பதால், கழுவப்பட்டது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் இரண்டு, மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பயன்படுத்துங்கள். மக்காத சாணத்தைப் போடவே போடாதீர்கள்.

விதைப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அரை முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழம், 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம், பொறுமை ஆகியவை போதும். சாதாரண ரகங்கள் ஒன்று, இரண்டு வாரங்களில் முளைக்கும். அபனேரோ போன்ற மிகு காரமான ரகங்கள் மூன்று, நான்கு வாரம்கூட எடுத்துக்கொள்ளும், அதற்குள் கிளறிப் பார்க்காதீர்கள். முளைத்த நாற்று தண்டின் அடியில் இற்று ஒரே இரவில் சாய்ந்தால் அது நாற்றழுகல். காரணம் மீண்டும் மிகை ஈரமும் காற்றோட்டமின்மையும்தான். நிழலில் வளர்ந்த நாற்றை ஒரே நாளில் முழு வெயிலுக்கு மாற்றினால் இலைகள் வெளுத்துக் கருகும். ஒரு வாரம், பத்து நாளில் படிப்படியாகப் பழக்குங்கள்.

வளர்ந்த செடிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் தேவை. வெயில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு அந்தக் குறையை உரத்தால் ஈடுகட்டப் பார்ப்பது வீண் முயற்சி. செடி பச்சைப்பசேல் என்று தழைத்துப் பூக்காமல் நின்றால், பெரும்பாலும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்துவிட்டது என்று பொருள். பூத்து, பூ உதிர்ந்தால் உடனே உரப்பையைத் தேடாதீர்கள், வெப்பமானியைப் பாருங்கள். பகலில் 32 முதல் 35 டிகிரிக்கு மேல் ஏறினாலும், இரவில் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலும், அல்லது 13 டிகிரிக்கும் கீழே போனாலும் மிளகாய் பூவை உதிர்க்கும். அது செடி தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. வானிலை மாறியதும் மீண்டும் காய் பிடிக்கும். உச்சி வெயிலில் நிழல்வலை கட்டுவதும், கருநிறத் தொட்டியின் பக்கச் சுவரை வெயில் படாமல் மறைப்பதும் உதவும். மண்ணின் மேற்பரப்பில் வெண்மையான உப்புப் படலம் தெரிந்தால் உரத்தை நிறுத்திவிட்டு, நல்ல நீரைத் தாராளமாக ஊற்றி அடிவழியே வடியவிடுங்கள்.

அடுத்து இலைச்சுருட்டல். இலை சுருண்டால் ஒரே மருந்து என்று எண்ணுவது, தண்ணீர் பற்றிய தவறான எண்ணத்துக்கு அடுத்தபடியாக எனக்கு வருத்தம் தரும் ஒன்று. இலை ஓரங்கள் மேல்நோக்கிப் படகாக வளைந்து, அடிப்புறத்தில் வெண்கலப் பூச்சு தெரிந்தால் இலைப்பேனைச் சந்தேகியுங்கள். இளந்தளிர்கள் கீழ்நோக்கி வளைந்து, குறுகி நீண்டு, தடித்துப்போனால் அது வெறும் கண்ணுக்குத் தெரியாத, சாறு உறிஞ்சும் நுண்ணுயிரான முரணைச் சிலந்தியாக இருக்கலாம். இந்தச் சிலந்திக்கு, நீரில் கலந்து தெளிக்கும் ‘நனையும் கந்தகம்’ பலன் தரும், ஆனால் கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும். நரம்புகள் தடித்து, இலைகள் சிறுத்து, செடி முழுவதும் குட்டையாகிப் போனால் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நச்சுயிரி. இதற்கு மருந்து இல்லை. மருந்து இருப்பதாகச் சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்தி, மற்றச் செடிகளைக் காப்பாற்றுங்கள். அசுவினி, வெள்ளை ஈ ஆகியவற்றுக்குத் தொடக்க நிலையிலேயே, ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலில் நன்றாகக் கலந்து, மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி தெளித்தால் பெரும்பாலும் கட்டுப்படும். வாரம் ஒரு முறை இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் தொல்லை முற்றும் முன்பே கண்ணில் பட்டுவிடும்.

குடைமிளகாயின் நுனி கறுத்துக் குழிந்து அழுகுவதைக் கண்டு முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறார்கள். அந்த ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும். இப்போதிருக்கும் காய்க்கு அது உதவாது. கலவையில் கால்சியம் பெரும்பாலும் இருக்கவே செய்கிறது. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால் அது காயைச் சென்றடைவதில்லை. ஈரத்தைச் சீராக்குங்கள். எப்சம் உப்பைப் போடுவது இங்கே கெடுதலே செய்யும். அதிலுள்ள மெக்னீசியம் வேரில் கால்சியத்தோடு போட்டியிடும்.

வேரழுகலின் தொடக்கத்தில், அதாவது பாதிக்கு மேற்பட்ட வேர்கள் இன்னும் வெண்மையாக இருக்கும் நிலையில், செடியைக் கழற்றி, அழுகிய வேர்களைத் தூய கத்தரியால் நறுக்கி, காய்களையும் சில கிளைகளையும் குறைத்து, புதிய கலவையில் சிறிய தொட்டியில் நட்டு, சில நாள் நிழலில் வைத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. அந்த நாள்களில் உரம் வேண்டாம். தண்டின் அடிப்பகுதி கறுத்துவிட்டிருந்தால் முயற்சி செய்ய வேண்டாம். செத்த செடியின் கலவையை அப்படியே எடுத்து அடுத்த மிளகாய்க்கோ, அதே குடும்பத்தைச் சேர்ந்த தக்காளிக்கோ கத்தரிக்கோ பயன்படுத்தாதீர்கள். தொட்டியைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே புதிய கலவையை நிரப்புங்கள்.