மஞ்சள் பையில் போகும் பணம்

முப்பது படுக்கை உள்ள ஒரு மருத்துவமனையின் கணக்கில் குப்பைக்கென்று ஒரே ஒரு வரிதான் இருக்கும்: மருத்துவக் கழிவு எடுக்க வரும் வண்டிக்குக் கட்டும் மாதக் கட்டணம். சம்பளம், மருந்து, கரன்ட் பில் இவற்றுக்கு நடுவே அது கண்ணிலேயே படாது. நிர்வாகி பார்க்க வேண்டியது பைக்குள் என்ன கிடக்கிறது என்பதை. ரத்தமே படாத காகித உறை, விரலே நுழையாத கையுறை, பாதி மருந்தோடு ஒரு குப்பி. வாங்கும்போது ஒரு தடவை காசு கொடுத்தோம், எறியும்போது இன்னொரு தடவை. இரண்டும் கடைசியில் ஏறுவது நோயாளியின் பில்லில்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மருத்துவமனைக் குப்பையில் சுமார் 85 விழுக்காடு, வீட்டுக் குப்பை மாதிரியானதுதான். தொற்றோ நச்சோ கதிரியக்கமோ உள்ளது மீதி 15 விழுக்காடு. ஆனால் சட்னி ஒட்டிய பார்சல் தாளும் சீழ் ஊறிய பஞ்சும் ஒரே வாளியில் விழுந்துவிட்டால் அத்தனையும் ஆபத்தான குப்பைதான். அப்புறம் கையை விட்டுப் பிரிக்கவும் கூடாது. ஆகவே, எறிகிற கையே எறிகிற நொடியில் பிரித்தாக வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் நான்கு நிறங்களை வைத்திருக்கின்றன. உடல் பாகங்கள், ரத்தம் ஊறிய பஞ்சு, காலாவதி மருந்து ஆகியவை மஞ்சளில். தொற்று பட்ட பிளாஸ்டிக், ரப்பர் எல்லாம் சிவப்பில். ஊசி, பிளேடு வெள்ளை டப்பாவில். கண்ணாடிக் குப்பிகளும் உடம்பில் வைத்த உலோகப் பொருட்களும் நீலத்தில். எதற்கு இந்தப் பிரிப்பு என்று சொல்லிக் கொடுக்காமல் நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. மஞ்சள் பை பெரும்பாலும் எரிவுலைக்குப் போகிறது. சிவப்புப் பை நீராவியில் கிருமி நீக்கப்பட்டு, தூளாக்கப்பட்டு, மறுசுழற்சிக்குப் போகிறது. டிரிப்ஸ் ட்யூபுகள் பல பி.வி.சி.யால் ஆனவை. அதை மஞ்சளில் போட்டால் உலையில் எரியும். குளோரின் உள்ள இப்படிப்பட்ட பிளாஸ்டிக் எரியும்போது டயாக்சின் என்ற நச்சு உண்டாகும். அதற்காகத்தான் உலையின் இரண்டாம் அறையில் 1050 டிகிரி வெப்பமும், புகை அங்கே 2 விநாடி தங்க வேண்டும் என்ற கட்டாயமும். நாம் சரியாகப் பிரித்திருந்தால் அந்த ட்யூப் உலைக்கே போயிருக்காது.

ஒரு டிரிப்ஸ் போட்டு முடிவதை மட்டும் பார்ப்போம். செட்டின் வெளியுறையும் அட்டையும் சாதாரண உலர் குப்பை. வென்ஃப்ளானை, அதாவது ரத்தக் குழாயில் செருகி வைக்கும் மெல்லிய குழாயை, குத்தியதும் உருவி எடுக்கிற ஊசி வெள்ளை டப்பாவுக்கு. ஆன்டிபயாடிக் கலந்த சிரிஞ்சில் ஊசியைக் கட்டரில் வெட்டினால் ஊசி வெள்ளையில், சிரிஞ்ச் சிவப்பில். காலி மருந்துக் குப்பி நீலத்தில். அது கேன்சர் மருந்துக் குப்பியாக இருந்தால் மட்டும் மஞ்சளில். டிரிப்ஸ் முடிந்ததும் ட்யூப், பிளாஸ்டிக் பாட்டில், கழற்றிய வென்ஃப்ளான் குழாய், கையுறை எல்லாம் சிவப்பு. கழற்றிய இடத்தில் அழுத்திப் பிடித்த பஞ்சும் ரத்தக்கறை பட்ட பிளாஸ்திரியும் மஞ்சள். பத்து நிமிட வேலைக்கு ஐந்து இடம்.

இந்த ஐந்தும் சிஸ்டரின் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் எந்தப் பயிற்சியும் நிற்காது. வராந்தாக் கடைசியில் நான்கு நிற வாளிகளை அழகாக வரிசையாக நிறுத்தி, மேலே போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். ஆய்வுக்கு வருகிறவர் பார்க்க நன்றாக இருக்கும். ராத்திரி டியூட்டியில் ஒற்றை ஆளாகப் பன்னிரண்டு நோயாளிகளைப் பார்க்கிறவர் ஒவ்வொரு பஞ்சுக்கும் அவ்வளவு தூரம் நடக்க மாட்டார். எல்லாவற்றையும் ஒரு கிட்னி டிரேயில் போட்டு, போய் ஒரே பையில் கொட்டுவார். டிரெஸ்ஸிங் டிராலியின் கீழ்த்தட்டில் சின்ன மஞ்சள், சிவப்பு, நீல வாளிகள், மேல்தட்டில் ஊசி கட்டரும் வெள்ளை டப்பாவும், பக்கவாட்டில் காகிதத்துக்கு ஒரு பை என்று மாற்றிவிட்டால் போதும். ஊசிக்கு மறுபடி மூடி போடும் பழக்கமும் இதனாலேயே குறையும். டப்பா பக்கத்தில் இல்லாதபோதுதான் மூடி போடத் தோன்றுகிறது, விரலில் குத்துவதும் அப்போதுதான்.

பை முக்கால் அளவு நிரம்பியதும் கட்டிவிட வேண்டும். வழிய வழியக் கட்டினால் முடிச்சு நிற்காது, மாடிப்படியில் சிந்தும். மஞ்சள் பையில் போகும் உடல் பாகங்களும் ரத்தம் பட்ட கழிவும் 48 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. ஞாயிறும் பண்டிகையும் சேர்ந்து வரும் வாரங்களில் வண்டி எந்த நாளில் வரும் என்று முன்னாடியே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கிருமி நீக்கப் பயன்படும் குளோரின் திரவமான ஹைப்போகுளோரைட் இன்னொரு தலைவலி. 5 விழுக்காட்டுக் கேன் என்றால் 1 லிட்டருக்கு 4 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 1 விழுக்காடு கிடைக்கும். திங்கட்கிழமை கலக்கியதை சனிக்கிழமை வரை வைத்திருக்கும் வார்டுகள் உண்டு. வெயிலும் வெப்பமும் பட்டால் குளோரின் போய்விடும். வாசனை இருக்கும், வேலை செய்யாது. தினமும் புதிதாகக் கலக்கி, மூடியுள்ள, வெளிச்சம் புகாத வாளியில் வைக்க வேண்டும். கலக்கிய நேரத்தை வாளி மேலேயே எழுதிவிட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இனி பணக் கணக்கு. ஒரு தொங்கு தராசு வாங்கி, 7 நாளுக்கு ஒவ்வொரு வார்டின் ஒவ்வொரு நிறப் பையையும் தனித்தனியாக எடை போடுங்கள். மொத்த எடையை மட்டும் எழுதினால் எந்த வார்டில் தவறு என்று தெரியாது. எந்த வார்டில் மஞ்சள் மட்டும் வழக்கத்துக்கு மாறாகக் கனக்கிறதோ, அங்கே காகிதமும் சாப்பாடும் அதில் விழுகின்றன என்று அர்த்தம். அதே வாரத்தில் கழிவு நிறுவனத்தின் ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். கிலோ கணக்கில் கட்டணம் என்றால் எடை குறையும்போதே பில் குறையும். படுக்கைக் கணக்கு என்றால் குறையாது. அப்போது மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ஸ்டோர் ரூமும் ஆபரேஷன் தியேட்டரும்தான்.

தியேட்டரில்தான் பெரிய ஓட்டை. "எதற்கும் இருக்கட்டும்" என்று தையல் நூல், கையுறை, காஸ் துணி எல்லாவற்றையும் முன்னாடியே பிரித்து அடுக்கிவிடுவது பழக்கம். பிரித்தால் போச்சு. ஒவ்வொரு அறுவை முடிந்ததும் பிரித்துப் பயன்படாமல் போனதை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு அறுவைக்கு 150 ரூபாய் வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், மாதம் 100 அறுவைக்கு ஆண்டில் 1,80,000 ரூபாய். இரண்டு மாத நோட்டை அறுவை மருத்துவரோடு உட்கார்ந்து பார்த்தால், எதைப் பிரித்து வைப்பது, எதைப் பிரிக்காமல் கைக்குப் பக்கத்தில் வைப்பது என்று இரண்டு பட்டியல் தானாகவே வரும். மருத்துவரிடம் பேசாமல் ஸ்டோர் ஆள் தானாக வெட்டிய பட்டியல் ஒரு வாரம்கூடத் தாங்காது.

1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதில் பாடப்புத்தகம் மாதிரி. அங்கே ஒரு ஃபேகோ (ஒலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும்) கண்புரை அறுவையால் ஏற்படும் கரிம உமிழ்வு, பிரிட்டனில் அதே அறுவைக்கு ஆவதில் சுமார் 5 விழுக்காடு என்று 2017-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. மந்திரம் ஒன்றுமில்லை: துவைத்துக் கிருமி நீக்கிய துணிகள், குறுகிய சுழற்சியில் மறுபடி தயாராகும் கருவிகள், ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி. ஆனால் இதைச் சின்ன மருத்துவமனை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அரவிந்தில் தொற்று விகிதத்தை விடாமல் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். எண்ணாமல் மறுபயன்பாட்டை மட்டும் காப்பியடித்தால் அது சிக்கனம் ஆகாது, வம்பு.

ஃபார்மசியில் ஒரே விதி: முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும். புதுச் சரக்கைப் பின்னால் அடுக்கு. மூன்று மாதத்துக்குள் காலாவதியாவதற்கு ஒரு தனித் தட்டு. சப்ளையர் திரும்ப எடுக்கும் கெடு எத்தனை மாதம் என்பதைக் கொள்முதலுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். பலமுறை மருந்து எடுக்கும் குப்பிகளில் திறந்த தேதியை எழுத வேண்டும். தயாரிப்பாளர் வேறு விதமாகச் சொல்லாதவரை 28 நாள்தான். தேதி எழுதாத குப்பியைக் காலையில் பார்க்கிறவர் பயந்து எறிவார், அல்லது பயமில்லாமல் நோயாளிக்குப் போடுவார். இரண்டாவதுதான் மோசம்.

மிச்சம் பிடிக்கவே கூடாத இடங்களும் உண்டு: சிரிஞ்ச், ஊசி, பிறகு கழிவைக் கையாளும் ஆட்களுக்கான தடுப்பூசி. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி அவர்களுக்குப் போடுவது விதிப்படி மருத்துவமனையின் பொறுப்பு; ஒப்பந்த ஆள் என்று தட்டிக்கழிக்க முடியாது. ஹெபடைடிஸ் பி-க்கு மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். ஆறு மாதத்துக்குள் பல ஆயாம்மாக்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதால் மூன்றாவது டோஸ் பெரும்பாலும் விட்டுப்போகிறது. அதனால் வேலைக்குச் சேரும் அன்றே முதல் டோஸைப் போட்டு, மூன்று தேதிகளையும் எழுதிய அட்டையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் மீதி டோஸை அங்கே போட்டுக்கொள்ளலாம்.