எம்.பி.பி.எஸ்ஸில் நரம்பியல் எங்கே இருக்கிறது?

இலங்கையில் பிள்ளை மருத்துவபீடத்தில் படிக்கிற வீடுகளில் அடிக்கடி வருகிற கேள்வி: மூளை, நரம்பு நோய்களைப் பற்றிய நரம்பியலுக்குத் தனிப் பேப்பர் உண்டா? இல்லை. ஐந்து வருடப் படிப்பின் இறுதிப் பரீட்சையில் பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறும் பெண்நோயியலும், சிறுவர் மருத்துவம், உளமருத்துவம் என்று ஐந்து பாடங்கள்; நரம்பியல் பொது மருத்துவத்துக்குள் அடக்கம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, இங்கே வைத்தியராகப் பதிவதற்கு ஈ.ஆர்.பி.எம். பரீட்சை (முன்பு அக்ட் 16 என்று சொன்னது) எழுதுபவர்களுக்கும் இதே கதைதான்.

தனிப் பேப்பர் இல்லைதானே என்று தள்ளிவைப்பதில்தான் வினை. பரீட்சை முடிந்ததும் இலங்கை மருத்துவ சபையில் கிடைப்பது தற்காலிகப் பதிவு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி முடித்தால்தான் முழுப் பதிவு. அந்த வருடமும் ஆறு ஆறு மாதமாக இரண்டு பிரிவுகளில் ஓடிவிடும். சிறுவர் பிரிவும் மகப்பேறும் கிடைத்தவர், பாரிசவாதம் வந்த ஒரு பெரியவரைப் பொறுப்பெடுத்துப் பார்க்காமலே முழுப் பதிவு வாங்கிவிடலாம். அப்புறம் ஏதோவொரு சின்ன ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டியில் அந்த நோயாளி வந்து நிற்பார். இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நோய் தொடங்கியதிலிருந்து நாலரை மணித்தியாலம்தான் அவகாசம், அதற்குள் பெரிய இடத்துக்கு அனுப்பியாக வேண்டும். மாணவராகப் படித்ததுதான் அப்போது கைகொடுக்கும்.

தள்ளிவைப்பதற்கு நரம்பியல் என்றாலே வருகிற பயமும் ஒரு காரணம்; அந்தப் பயம் எங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. 1994இல் ஜோசஃபோவிச் என்ற அமெரிக்க நரம்பியல் வைத்தியர் இதற்கு நியூரோஃபோபியா என்று பெயரே வைத்தார். ஆரம்பத்தில் படித்த அடிப்படைப் பாடங்களை நோயாளியிடம் பொருத்திப் பார்க்க முடியாததுதான் காரணம் என்றார். மாற்றம் வேண்டியதும் அங்கேதான்: நரம்புப் பாதைகளை மனப்பாடம் பண்ணவைத்து, வருடக்கணக்கு கழித்து வாட்டுக்கு அனுப்பாமல், இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். வாய் கோணிப்போனவரிடம் "நெற்றியைச் சுருக்குங்கோ ஐயா" என்று சொல்லிப் பார்க்கட்டும். சுருங்கினால் கோளாறு பெரும்பாலும் மூளையில், அந்தப் பக்க நெற்றியும் அசையாவிட்டால் முகநரம்பில். நெற்றிக்கு மூளையின் இரு பக்கமிருந்தும் கட்டளை வருகிறது என்று அந்த இடத்திலேயே சொன்னால் யார் மறப்பார்கள்?

சரி, உங்கள் வீட்டார் பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள், மாணவர்கள் கூட்டமாக வருகிறார்கள் என்றால்? சம்மதம் கேட்டுவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லலாம், அதற்காகச் சிகிச்சை குறையக் கூடாது. ஆனால் பாரிசவாதத்தில் பேச்சு எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை அவரவர் மொழியில்தான் சரியாகச் சோதிக்கலாம், அதனால் கூட்டத்தில் தமிழ் பேசுகிற மாணவர் யாரும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.