பழி போடும் முன் பாதியாக வெட்டுங்கள்

கோத்தகிரிப் பக்கம் பசுந்தேயிலை வாங்கும் ஃபேக்டரிகளுக்கு எடை, ரசீது மென்பொருள் பராமரிப்பது எங்கள் வேலை. மழைக்காலத்தில் ஓர் அப்டேட் போனதும் புகார் வந்தது. 48.5 கிலோ இலைக்கு ஈரம் 4 சதவீதம் கழித்தால் 46.56 வர வேண்டும், ரசீதில் 46. அரைக் கிலோதானே என்று நமக்குத் தோன்றும். தினமும் இலை போடுகிற சிறு விவசாயிக்கு மாசக் கடைசியில் அது பணம்.

இப்படி நேரத்தில் டீமில் முதலில் கூடுவது பஞ்சாயத்துதான். "பில்லிங் புரோகிராமைக் கடைசியா யாரு தொட்டது?" அந்தக் கேள்வியே வேண்டாம். முன்பு சரியாக ஓடியது இப்போது கெட்டிருந்தால், புரோகிராம் புரியாமலேயே கெடுத்த இடத்தைப் பிடிக்கலாம். புரோகிராமில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் 'கமிட்' என்று வரிசையாகப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் அதற்கென்றே பைசெக்ட் (bisect) என்ற கட்டளை இருக்கிறது. நல்ல கமிட் ஒன்று, கெட்ட கமிட் ஒன்று காட்டினால் நடுவில் இருப்பதை எடுத்து வைக்கும். சோதித்து குட் அல்லது பேட் என்றால் பாதி கழிந்துவிடும். 600 கமிட் இருந்தாலும் 10 சோதனைக்குள் அடங்கும். வரலாறு முழுக்க நம் லேப்டாப்பிலேயே இருப்பதால் நெட் போனாலும் (மழையில் இங்கே போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்) தேடல் நிற்காது.

கையால் சோதிக்காமல் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, சோதனையைத் தானாக ஓட்டும் பைசெக்ட் ரன்னிடம் கொடுத்தோம். ஸ்கிரிப்ட் அதற்குப் பதிலாக ஓர் எண்ணைத் தரும்: 46.56 வந்தால் 0 (குட்), வராவிட்டால் 1 (பேட்), பில்டே ஆகாத, அதாவது ஓட்டிப் பார்க்கவே முடியாத கமிட்டுக்கு 125. 125 வந்த கமிட்டை பைசெக்ட் தாண்டிப் போய்விடும். சிக்கிய கமிட்டின் தலைப்பு: "ரிப்போர்ட் ஃபார்மட் திருத்தம்". ரிப்போர்ட்டில் புள்ளிக்குப் பின்னால் எண் வேண்டாம் என்று ஒரு பொது ஃபங்ஷனில் வெட்டியிருக்கிறார்கள். பில்லிங்கும் அதையேதான் கூப்பிடுகிறது. பில்லிங் ஃபைலை யாருமே தொடவில்லை! பஞ்சாயத்து வைத்திருந்தால் சம்பந்தமே இல்லாத ஒருவர் மாட்டியிருப்பார்.

ஆனால் ஒரு சோதனையில் தப்பாகப் பதில் சொன்னாலும் தேடல் தப்பான பாதிக்குள் போய்விடும். ஒரு தடவை பாஸ், மறு தடவை ஃபெயில் ஆகிற டெஸ்ட்டை நம்பி இறங்காதீர்கள். பழைய கமிட்டைப் புது டேட்டாபேஸில் ஓட்டினால் வேறு எதற்கோ உடையும், ஸ்கிரிப்ட் அதையும் பேட் என்று எழுதிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு படியிலும் டேட்டாபேஸை அந்தக் கமிட்டின் ஸ்கீமாவிலேயே (டேபிள் அமைப்பிலேயே) புதிதாகக் கட்டுங்கள். பத்து வேலையை ஒரே கமிட்டில் திணிக்கிற டீமுக்கு, கமிட் கிடைத்த பிறகும் தேடல் பாக்கி இருக்கும்.

எந்தக் கமிட்டுக்கு என்ன பதில் என்று பதிந்திருக்கும் பைசெக்ட் லாக்கை (log) எடுத்து புகார் டிக்கெட்டில் ஒட்டிவிட்டு, தொடங்கிய இடத்துக்கே திரும்ப பைசெக்ட் ரீசெட் போடுங்கள். மறந்தால் ஏதோ பழைய கமிட்டில் நின்றபடியே அடுத்த வேலையை ஆரம்பித்துவிடுவீர்கள்.